லிப்ரே ஆபீஸ் சோதனைப் பதிப்பை நிறுவலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அடுத்த பதிப்பு அதிகாரபூர்வமாக வெளிவருவதற்கு முன்பே அதைக் கணினியில் போட்டுப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை பலருக்கும் உண்டு. அவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. பெரும்பகுதி லிப்ரே ஆபீஸ் என்ற இலவச அலுவலக மென்பொருள் பற்றியது. மைக்ரோசாஃப்ட் 365 வைத்திருப்பவர்களுக்கான கேள்விகள் பின்பகுதியில் வருகின்றன.

மென்பொருள் கெட்டுப்போனால் அழித்துவிட்டு அரை மணி நேரத்தில் மறுபடி நிறுவிவிடலாம். நீங்கள் சேமித்த கோப்பும், ஆண்டுக்கணக்கில் உங்கள் கைக்குப் பழக்கிவைத்த அமைப்புகளும் அப்படித் திரும்பி வராது. அதனால் கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் அந்த இரண்டையும் காப்பாற்றுவது பற்றித்தான்.

ஆல்ஃபா, பீட்டா, ஆர்சி: என்ன வித்தியாசம்?

ஆல்ஃபாவில் புதிய வசதிகள் வந்து சேர்ந்திருக்கும், ஆனால் பழையவற்றோடு இன்னும் ஒத்துப்போகாமல் முரண்டு பிடிக்கும். பீட்டா வரும்போது புதிதாகச் சேர்ப்பது நின்று, பிழை திருத்துவது மட்டும் நடக்கும். ஆர்சி (ரிலீஸ் கேண்டிடேட்) என்பது "பெரிய பிழை எதுவும் அகப்படாவிட்டால் இதையே வெளியிடப் போகிறோம்" என்று முன்வைக்கும் பதிப்பு. முதல் ஆர்சியில் ஏதாவது அகப்பட்டால் இரண்டாவது, அதிலும் அகப்பட்டால் மூன்றாவது.

கடைசி ஆர்சியும் இறுதிப் பதிப்பும் ஒரே பொருள்தான். 24.8-இன் முதல் வெளியீட்டை நிறுவி, ஹெல்ப் மெனுவில் எபௌட் பெட்டியைத் திறந்தால் 24.8.0.3 என்று காட்டும். அந்தக் கடைசி 3, மூன்றாவது ஆர்சி என்பதன் அடையாளம். அதையே எடுத்து "இதுதான் இறுதி" என்று அறிவித்தார்கள், அவ்வளவுதான்.

இவை தவிர தினசரிப் பதிப்புகளும் உண்டு. நேற்று ஒருவர் எழுதிய நிரல் இன்று உங்கள் கணினியில் ஓடும். ஒரு குறிப்பிட்ட பிழை சரியாகிவிட்டதா என்று பார்க்க மட்டும் இது உதவும். அதில் உட்கார்ந்து வேலை பார்க்க நினைக்க வேண்டாம்.

இவை எப்போது கிடைக்கும்?

லிப்ரே ஆபீஸின் பெரிய பதிப்புகள் ஆண்டுக்கு இரண்டு: பிப்ரவரியை ஒட்டி ஒன்று, ஆகஸ்ட்டில் ஒன்று. ஆகஸ்ட் பதிப்புக்கான ஆல்ஃபாவும் பீட்டாவும் மே, ஜூன் வாக்கில் வரும், ஜூலையில் ஆர்சிகள். பிப்ரவரி பதிப்புக்கு நவம்பர், டிசம்பரிலேயே தொடங்கிவிடும்.

2024 தொடக்கத்திலிருந்து பதிப்பு எண் ஆண்டையும் மாதத்தையும் குறிக்கிறது. 7.6-க்கு அடுத்து நேராக 24.2 வந்தது அதனால்தான். நடுவில் எதையும் நீங்கள் தவறவிடவில்லை.

சோதனைப் பதிப்பை நிறுவினால் இப்போதுள்ள நிலையான பதிப்பு அழிந்துவிடுமா?

நீங்கள் எடுப்பது பீட்டாவா ஆர்சியா என்பதைப் பொறுத்தது. பலரும் தடுமாறி விழும் இடம் இது.

ஆல்ஃபா, பீட்டா, தினசரிப் பதிப்பு மூன்றும் "லிப்ரே ஆபீஸ் டெவ்" என்ற தனிப் பெயரில், தனி ஃபோல்டரில், தனி அமைப்புகளோடு உட்காரும். பழையதைத் தொடாது. இரண்டையும் ஒரே நேரத்தில் திறந்துகூட வைத்துக்கொள்ளலாம்.

ஆர்சி அப்படியல்ல. அது தன்னை இறுதிப் பதிப்பாகவே நினைத்துக்கொண்டு வருகிறது. விண்டோஸில் நிறுவினால் ஏற்கெனவே இருக்கும் நிலையான பதிப்பை எடுத்துவிட்டு அதன் இடத்தில் உட்காரும். உங்கள் அமைப்புகளையும் அதுவே எடுத்துக்கொள்ளும்.

ஆக, கொஞ்சம் விசித்திரமான நிலைமை. பிழைகள் அதிகமுள்ள பீட்டாவால் உங்கள் கணினிக்கு ஆபத்து குறைவு. பிழைகள் குறைந்த ஆர்சியால் ஆபத்து அதிகம். "பீட்டா வேண்டாம், ஆர்சிதான் பாதுகாப்பு" என்று நினைத்துப் போட்டுவிட்டு, பழைய பதிப்பு எங்கே போனது என்று தேடுபவர்கள் நிறைய. முதல் முறை முயல்பவருக்கு நான் பீட்டாவைத்தான் சொல்வேன்.

ப்ரொஃபைல் என்கிறார்களே, அது என்ன?

நீங்கள் லிப்ரே ஆபீஸில் செய்துவைத்த மாற்றங்கள் எல்லாம் சேர்ந்து கிடக்கும் ஃபோல்டர். கருவிப்பட்டையில் நகர்த்திவைத்த பொத்தான், சேர்த்துக்கொண்ட சொற்கள் அடங்கிய அகராதி, தானியங்கித் திருத்தப் பட்டியல், எழுதிவைத்த மேக்ரோ, உங்கள் டெம்ப்ளேட், நிறுவிய எக்ஸ்டென்ஷன், எல்லாம் அங்கேதான்.

விண்டோஸில் உங்கள் பயனர் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டா, அதற்குள் ரோமிங், அதற்குள் லிப்ரே ஆபீஸ், அதற்குள் 4 என்ற பெயரில் இருக்கும். ஆப்டேட்டா மறைத்துவைக்கப்பட்ட ஃபோல்டர் என்பதால், மறைந்த கோப்புகளைக் காட்டும்படி முதலில் மாற்றிக்கொள்ளுங்கள். லினக்ஸில் ஹோம் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் கான்ஃபிக் ஃபோல்டரில் பாருங்கள். மேக்கில் லைப்ரரிக்குள் உள்ள அப்ளிகேஷன் சப்போர்ட்டில். அந்த 4 என்ற பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். 2013-இல் வந்த நான்காம் பதிப்பின் காலத்துப் பெயர் அது, இன்றுவரை மாற்றாமல் வைத்திருக்கிறார்கள்.

கவனிக்க வேண்டியது: இன்றைய நிலையான பதிப்புக்கும் ஆர்சிக்கும் இந்த ஃபோல்டர் பொது. ஆர்சி இதில் எழுதிய பிறகு பழைய பதிப்புக்குத் திரும்பினால், அது இந்த மாறிய அமைப்புகளைத்தான் படிக்கும். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆகும்போது மட்டும், எதனால் ஆனது என்று கண்டுபிடிக்கவே ஒரு நாள் போய்விடும்.

நிறுவும் முன் என்னென்ன செய்துவைக்க வேண்டும்?

லிப்ரே ஆபீஸை மூடுங்கள். மேலே சொன்ன 4 என்ற ஃபோல்டரை அப்படியே நகலெடுத்து வேறோர் இடத்தில் வையுங்கள். பெயரில் தேதியையும் சேர்த்துவிடுங்கள். சோதிக்கப்போகும் கோப்புகளுக்கென்று தனி ஃபோல்டர் ஒன்று உருவாக்கி, அவற்றின் நகல்களை மட்டும் அதில் போடுங்கள். இப்போதைய நிலையான பதிப்பின் நிறுவல் கோப்பு கையில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் இப்போதே இறக்கிக்கொள்ளுங்கள். திரும்பிவர வேண்டிய நாளில் இணையம் மெதுவாக இருக்கும் என்பது எழுதாத விதி.

மூன்றும் சேர்த்துப் பத்து நிமிட வேலை. நாளை சமர்ப்பிக்க வேண்டிய அறிக்கை கையில் இருந்தால், அந்தப் பத்து நிமிடம்கூட வேண்டாம். சமர்ப்பித்த பிறகு வாருங்கள்.

எங்கிருந்து இறக்குவது?

டாக்குமென்ட் ஃபவுண்டேஷனின் தளத்திலிருந்து மட்டும். லிப்ரே ஆபீஸை நடத்தும் அமைப்பு அதுதான். இறக்குமிடத்தில் முன்வெளியீடுகளுக்குத் தனிப் பகுதி உண்டு. வேறு தளங்களில் "புதிய பீட்டா, முதலில் இங்கே" என்று மின்னும் பொத்தான்களைத் தொட வேண்டாம். அவசரக்காரர்களைக் குறிவைத்துத் தீநிரல் விற்பவர்களுக்கு இதைவிட நல்ல தூண்டில் கிடைக்காது.

இறக்கிய கோப்பு சரியானதுதானா என்று பார்க்க, 64 எழுத்தும் எண்ணும் கலந்த ஷா-256 சரிபார்ப்புத் தொடர் ஒன்று கொடுத்திருப்பார்கள். விண்டோஸில் பவர்ஷெல்லின் கெட்-ஃபைல்ஹாஷ் கட்டளை உங்கள் கோப்பின் தொடரைக் காட்டும். ஓர் எழுத்து மாறினாலும் கோப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி இறக்குங்கள்.

விண்டோஸில் நிறுவும்போது எதில் கவனமாக இருக்க வேண்டும்?

எந்த வகைக் கோப்புகளை இந்த மென்பொருளில் திறப்பது என்று நிறுவி கேட்டால், எல்லாக் குறிகளையும் எடுத்துவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் அடுத்த நாள் ஏதோ ஒரு வேர்டு கோப்பை வழக்கம்போல் இருமுறை கிளிக் செய்வீர்கள். அது பீட்டாவில் திறக்கும். நீங்கள் கவனிக்காமல் திருத்திச் சேமித்தும் விடுவீர்கள். பீட்டாவை வேண்டுமென்றே அதன் சின்னத்தைத் தொட்டுத்தான் திறக்க வேண்டும், தானாக அது வந்து நிற்கக் கூடாது.

இன்னொன்று, உங்கள் இயங்குதளத்தை அடுத்த பதிப்பு ஏற்கிறதா என்பது. 25.8-இல் விண்டோஸ் 7, 8, 8.1 ஆதரவு நின்றுபோனது. இப்படிப்பட்ட மாற்றங்கள் வெளியீட்டுக் குறிப்புகளில் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். நிறுவுவதற்கு முன் படித்துவிடுங்கள்.

லினக்ஸ், மேக்கில்?

டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் தரும் லினக்ஸ் தொகுப்புகள் ஆப்ட் (/opt) ஃபோல்டருக்குள், பதிப்பு எண்ணோடு உட்காரும். உங்கள் லினக்ஸ் விநியோகத்தோடு வந்த லிப்ரே ஆபீஸ் வேறு இடத்தில் இருக்கிறது. அதனால் ஆர்சியாக இருந்தாலும் நிரல்கள் மோதாது. ஆனால் ப்ரொஃபைல் மோதும், நகல் எடுக்காமல் தொடாதீர்கள். மேக்கில் பீட்டா தனிச் செயலியாக வந்து அப்ளிகேஷன்ஸில் நிற்கும்.

ஆர்சியையும் பழையதைத் தொடாமல் வைத்துப் பார்க்க வழி இல்லையா?

இருக்கிறது. விண்டோஸின் எம்எஸ்ஐ வகை நிறுவல் கோப்புகளை "நிர்வாக நிறுவல்" முறையில் ஒரு ஃபோல்டருக்குள் பிரித்துவைக்கலாம். ரெஜிஸ்ட்ரியில் எதையும் எழுதாது; இருக்கும் பதிப்பையும் தொடாது. பிரித்த பிறகு, நிரல் ஃபோல்டரில் உள்ள பூட்ஸ்டிராப் என்ற அமைப்புக் கோப்பைத் திறந்து, ப்ரொஃபைல் எங்கே இருக்க வேண்டும் என்ற வரியை வேறு ஃபோல்டருக்கு மாற்ற வேண்டும். இந்த இரண்டாவது படியை விட்டுவிட்டால் முதல் படி செய்ததே வீண். கட்டளை வரியெல்லாம் பழக்கமில்லை என்றால், இதையே செய்துதரும் சர்வர் இன்ஸ்டால் என்ற சிறு கருவி இருக்கிறது.

விண்டோஸ் ப்ரோ பதிப்பு வைத்திருப்பவர்களுக்கு விண்டோஸ் சாண்ட்பாக்ஸ் இன்னும் சுலபம். மூடியதும் உள்ளே நடந்ததெல்லாம் மறைந்துவிடும். ஹோம் பதிப்பில் அது கிடையாது.

என் கோப்பைப் பீட்டாவில் திறந்தாலே கெட்டுவிடுமா?

திறப்பதால் கெடாது. சேமிப்பதால்தான் கெடும். அதுவும் சத்தமில்லாமல்.

மென்பொருள் பட்டென்று மூடிக்கொள்வதைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். அது உண்மையில் நேர்மையான பிழை: நடந்தது உடனே தெரியும், மறுபடி திறந்தால் மீட்புப் பெட்டி வரும். எனக்குப் பட்ட அடி வேறு. பல ஆண்டுகளுக்கு முன், ஏதோ ஓர் அலுவலக மென்பொருளின் பீட்டாவில், பெயர் வேண்டாம், 140 பக்க ஆவணம் ஒன்றைத் திறந்தேன். ஒரே ஒரு எழுத்துப்பிழையைத் திருத்திச் சேமித்தேன். எல்லாம் அழகாகவே இருந்தது. நான்கு நாள் கழித்து இரண்டாம் இயலுக்கு முன்னால் புதிதாக ஓர் இயல் சேர்த்தபோதுதான் தெரிந்தது: "5-ஆம் இயலைப் பார்க்க" போன்ற குறுக்குக் குறிப்புகள் எல்லாம் வெறும் எழுத்தாக மாறிவிட்டிருந்தன. எண்கள் அசையவே இல்லை. அதற்குள் நான்கு நாள் வேலை அதே கோப்பில் சேர்ந்துவிட்டது. பழைய நகலுக்குத் திரும்பவும் முடியாது, புதியதை வைத்துக்கொள்ளவும் முடியாது. அறுபது சொச்சம் குறிப்புகளையும் கையால் போட்டேன்.

அதிலிருந்து எனக்கு நானே வைத்துக்கொண்ட ஒழுங்கு: சோதனைப் பதிப்பில் நகலைத் திற, நகலிலேயே சேமி, அந்த நகல் ஒருநாளும் மூலத்தின் இடத்துக்கு வரக் கூடாது.

சேமித்ததில் ஏதாவது தொலைந்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

மூன்று வழி சொல்கிறேன், உழைப்புக்கு ஏற்றபடி தேர்ந்துகொள்ளுங்கள்.

நிலையான பதிப்பில் மூலக் கோப்பைத் திறந்து, எடிட் மெனுவில் டிராக் சேஞ்சஸ் பகுதியில் உள்ள கம்பேர் டாக்குமென்ட் வழியாகப் பீட்டா சேமித்த நகலோடு ஒப்பிடுங்கள். காணாமல் போன வாக்கியம், மாறிய சொல் எல்லாம் நிறத்தில் தெரியும். ஆனால் என் குறுக்குக் குறிப்புகள் போல உருவம் மாறாமல் உள்ளே மட்டும் மாறியவை இதில் சிக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

பக்க அமைப்பு முக்கியமென்றால் இரண்டு பதிப்பிலும் பிடிஎஃப் எடுத்து அருகருகே வையுங்கள். பக்க எண்ணிக்கை மாறியிருந்தால் எங்கோ ஏதோ நகர்ந்திருக்கிறது என்று பொருள்.

மூன்றாவது வழி கொஞ்சம் ஆர்வமுள்ளவர்களுக்கு. லிப்ரே ஆபீஸின் ஓடிடி (.odt) கோப்பும் சரி, வேர்டின் டாக்எக்ஸ் (.docx) கோப்பும் சரி, உண்மையில் ஜிப் பொட்டலங்கள்தான். பின்னொட்டை ஜிப் என்று மாற்றிப் பிரித்தால் உள்ளே எக்ஸ்எம்எல் கோப்புகள் இருக்கும். ஆவணத்தின் உள்ளடக்கம் ஒன்றில், பாணிகள் இன்னொன்றில். மூலத்தையும் நகலையும் பிரித்து, குறுக்குக் குறிப்புக்கான குறி எத்தனை முறை வருகிறது என்று இரண்டிலும் எண்ணினாலே போதும். அன்றைக்கு இது தெரிந்திருந்தால் எனக்கு ஐந்து நிமிட வேலை.

என் கோப்புகள் எல்லாம் மேகச் சேமிப்பில் இருக்கின்றன. அது காப்பாற்றாதா?

தானாகக் காப்பாற்றாது. நீங்கள் பீட்டாவில் சேமித்த அடுத்த நிமிடம் அந்தக் கோப்பு உங்கள் மற்றக் கணினிகளுக்கும், பகிர்ந்துகொண்டவர்களுக்கும் போய்விடும். கெட்டதைப் பரப்புவதில் ஒத்திசைவுக்கு நல்லது கெட்டது தெரியாது. பெரும்பாலான சேவைகளில் பழைய பதிப்புகளின் வரலாறு உண்டு, அதிலிருந்து மீட்கலாம். ஆனால் எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள் என்பதற்கு எல்லை இருக்கும். சோதனை ஃபோல்டரை ஒத்திசைவுக்கு வெளியே வைத்துவிடுங்கள்.

ஒரே கோப்பை இரண்டு பதிப்பிலும் திறந்தால்?

முதலில் திறந்தது பூட்டுக் கோப்பு ஒன்றைப் பக்கத்தில் போட்டுவைக்கும். இரண்டாவது, கோப்பு ஏற்கெனவே பூட்டப்பட்டிருக்கிறது என்று சொல்லி, படிக்க மட்டும் திறக்கவா என்று கேட்கும். பூட்டியவர் நீங்கள்தான்.

தமிழ் எழுத்துகள் சரியாக வருகின்றனவா என்று எதை வைத்துச் சோதிப்பது?

நீங்கள் சோதிக்காவிட்டால் வேறு யாரும் சோதிக்க மாட்டார்கள் என்ற இடம் இது. 2017-இல் வந்த 5.3 பதிப்பிலிருந்து, எல்லா இயங்குதளத்திலும் எழுத்துகளைக் கோத்து வரையும் வேலையை ஹார்ஃப்பஸ் என்ற பொறி செய்கிறது. அதனால் முன்பு விண்டோஸில் ஒரு மாதிரி, லினக்ஸில் ஒரு மாதிரி என்றிருந்த தொல்லை வெகுவாகக் குறைந்தது. குறைந்தது என்பதால் பார்க்காமல் விட்டுவிடலாம் என்றில்லை.

ஒரு சோதனைப் பக்கம் தயார் செய்துகொள்ளுங்கள். கொ, கோ, கௌ போல இருபுறமும் குறி வரும் எழுத்துகள் வேண்டும். க்ஷ வேண்டும். ஸ்ரீ, ஶ்ரீ இரண்டும் வேண்டும். பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் முதலாவது ஸ-வில் தொடங்குகிறது, இரண்டாவது, 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶ-வில் தொடங்குகிறது. கொ என்ற எழுத்தின் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். தேடும்போது இரண்டும் அகப்படுகின்றனவா என்று பாருங்கள். பேக்ஸ்பேஸ் தட்டும்போது எழுத்து எப்படிக் கலைகிறது, வரியின் ஓரத்தில் நீண்ட சொல் எங்கே உடைகிறது, தடித்த, சாய்ந்த வடிவில் குறிகள் விலகி நிற்கின்றனவா என்பதையும் கவனியுங்கள். பிடிஎஃப் எடுத்து, அதிலிருந்து தமிழை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள்; திரையில் ஒழுங்காகத் தெரிந்தது ஒட்டும்போது சிதறுவது உண்டு.

ஓர் எச்சரிக்கை. பீட்டாவின் ப்ரொஃபைல் புத்தம் புதியது. அதில் தமிழுக்கான சிக்கல் எழுத்தமைப்பு (காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்) மொழியும் எழுத்துருவும் நீங்கள் வழக்கமாக வைத்திருப்பவையாக இருக்காது. "புதிய ஆவணத்தில் தமிழ் எழுத்துரு மாறிவிட்டது" என்பது இதனால்தான், பிழை அல்ல. ஆப்ஷன்ஸில் மொழி அமைப்புகளைச் சரிசெய்த பிறகு சோதனையைத் தொடங்குங்கள்.

மெனு பாதி தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் வருகிறதே?

மொழிபெயர்ப்பு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். வெப்லேட் என்ற தளத்தில் தன்னார்வலர்கள் செய்கிறார்கள். பிழை அறிக்கை போடுவதைவிட நீங்களே நான்கு வரி மொழிபெயர்த்துவிடலாம்.

எக்ஸ்டென்ஷன்களும் மேக்ரோக்களும் ஓடுமா?

டெவ் பதிப்பில் அவை இருக்கவே இருக்காது, ப்ரொஃபைல் வேறு என்பதால். தேவையானதை மட்டும் ஒவ்வொன்றாக நிறுவிப் பாருங்கள். எல்லாவற்றையும் மொத்தமாகப் போட்டால், ஏதாவது உடையும்போது குற்றவாளி பீட்டாவா எக்ஸ்டென்ஷனா என்று தெரியாது. அலுவலகத்தில் தினமும் ஓடும் மேக்ரோ இருந்தால், புதிய பதிப்பைச் சோதிக்க அதுவே போதுமான காரணம்.

திறக்கவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

முதலில் பாதுகாப்பு முறையில் திறந்து பாருங்கள். ஹெல்ப் மெனுவில் ரீஸ்டார்ட் இன் சேஃப் மோட். மெனு வரையிலேகூட வராவிட்டால் விண்டோஸின் ஸ்டார்ட் பட்டியலில் அதற்குத் தனிச் சின்னம் இருக்கும். பாதுகாப்பு முறையில் ஒழுங்காகத் திறந்தால் கோளாறு ப்ரொஃபைலில். அந்தப் பெட்டியிலேயே எக்ஸ்டென்ஷன்களை நிறுத்தவும், முன்பு நன்றாக இருந்த அமைப்புகளுக்குத் திரும்பவும் வழி இருக்கிறது. வன்பொருள் முடுக்கத்தை நிறுத்திப் பார்க்கவும் மறக்க வேண்டாம். திரை கறுப்பாகவோ கிழிந்ததுபோலவோ வந்தால் பெரும்பாலும் கிராஃபிக்ஸ் டிரைவர்தான் காரணம்.

பிழை கண்டுபிடித்தேன். எப்படித் தெரிவிப்பது?

டாக்குமென்ட் ஃபவுண்டேஷனின் பக்ஸில்லா தளத்தில். முதலில் அதே பிழையை யாராவது ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்களா என்று தேடுங்கள். ஓர் அறிக்கைக்கு ஒரு பிழை. என்ன செய்தீர்கள் என்பதை வரிசையாக எழுதுங்கள். என்ன நடந்திருக்க வேண்டும், என்ன நடந்தது என்று இரண்டு வரி. எபௌட் பெட்டியில் பதிப்பு விவரத்தை நகலெடுக்கும் பொத்தான் இருக்கிறது, அதை அழுத்தி ஒட்டிவிடுங்கள். "சரியாக வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால் யாராலும் எதுவும் செய்ய முடியாது.

எல்லாவற்றையும்விட மதிப்புள்ள ஒரு வரி உண்டு: "முந்தைய பதிப்பில் இது சரியாக இருந்தது." இதை உறுதியாகச் சொல்ல முடிந்தால், பழைய பதிப்புகளைத் தொகுத்துவைத்திருக்கும் களஞ்சியத்தை எடுத்துப் பாதி பாதியாகத் தேடுவார்கள். ஆயிரம் பதிப்புகள் இருந்தாலும் பத்துச் சோதனையில் எந்த மாற்றம் கெடுத்தது என்று பிடித்துவிடலாம். இரண்டு பதிப்பையும் அருகருகே வைத்திருப்பதன் உண்மையான பயன் இங்கேதான்.

கோப்பில் ரகசியத் தகவல் இருக்கிறது. அதை இணைக்கலாமா?

கூடாது. அங்கே இணைப்பது எல்லோர் கண்ணிலும் படும். பிழை வரும் பக்கத்தை மட்டும் விட்டு மற்றதை அழியுங்கள்; மிச்சமிருக்கும் எழுத்துகளை ரெகுலர் எக்ஸ்பிரஷன் வழியாக ஒரே எழுத்தாக மாற்றுங்கள். பிறகும் பிழை வருகிறதா என்று பாருங்கள். ஆவணப் பண்புகளில் உங்கள் பெயர் இருக்கும், அதையும் நீக்குங்கள்.

மைக்ரோசாஃப்ட் 365-இல் இதே வசதி எப்படி?

அங்கே தனியாக எதையும் இறக்க வேண்டியதில்லை. வேர்டிலோ எக்செலிலோ ஃபைல், அக்கவுண்ட் போய் மைக்ரோசாஃப்ட் 365 இன்சைடர் பொத்தானை அழுத்திச் சேரலாம். 2015-இல் தொடங்கிய திட்டம் இது. முன்பு ஃபாஸ்ட், ஸ்லோ என்று அழைத்தவை 2020 முதல் பீட்டா சேனல், கரண்ட் சேனல் ப்ரிவ்யூ என்ற பெயர்களில் இருக்கின்றன. பீட்டா சேனலுக்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு கிடையாது, ப்ரிவ்யூவுக்கு உண்டு. வேலைக் கணினி என்றால் ப்ரிவ்யூவைத் தாண்ட வேண்டாம். அலுவலகக் கணக்கில் அந்தப் பொத்தானே தெரியாவிட்டால் உங்கள் நிர்வாகி மூடிவைத்திருக்கிறார்.

அதையும் பழைய பதிப்போடு சேர்த்து வைத்துக்கொள்ளலாமா?

முடியாது. ஒரு கணினிக்கு ஒரே சேனல். வேர்டு மட்டும் பீட்டாவில், எக்செல் மட்டும் நிலையான பதிப்பில் என்றும் பிரிக்க முடியாது. விசியோ, ப்ராஜெக்ட் இருந்தால் அவையும் கூடவே போகும். தனியாகப் பார்க்க வேண்டுமென்றால் மெய்நிகர் கணினிதான் வழி.

திரும்பி வர, அதே அக்கவுண்ட் பக்கத்தில் சேனலை மாற்றி விலகலாம். அவசரமென்றால் ஆபீஸை முழுதாக நீக்கிவிட்டு உங்கள் கணக்குப் பக்கத்திலிருந்து மறுபடி நிறுவுவது சுத்தமான வேலை. சேருவதற்கு முன் வேர்டின் நார்மல் டெம்ப்ளேட்டை நகலெடுத்து வையுங்கள். உங்கள் மேக்ரோக்களும் பாணிகளும் அதில்தான் இருக்கின்றன.

உலாவியில் ஓடும் ஆவணச் செயலிகளில்?

பெரும்பாலும் உங்கள் கையில் இல்லை. கூகுள் வொர்க்ஸ்பேஸில் மட்டும், புதிய வசதிகளை உடனே பெறுவதா, சற்றுத் தாமதித்துப் பெறுவதா என்பதை நிறுவனத்தின் நிர்வாகி தீர்மானிக்கலாம்.

அலுவலகம் முழுக்க நிறுவலாமா?

வேண்டாம். துறைக்கு ஒருவர் என்று தேர்ந்தெடுங்கள். கணினி நன்கு தெரிந்தவரை மட்டும் எடுக்காதீர்கள். அவர் கோளாறு வந்தால் தானே சுற்றுவழி கண்டுபிடித்து நகர்ந்துவிடுவார், உங்களிடம் சொல்லவும் மாட்டார். தினமும் ஒரே டெம்ப்ளேட்டில் இருபது கடிதம் அடிப்பவர்தான் உங்களுக்கு வேண்டும். ஒரு பொத்தான் அரை அங்குலம் நகர்ந்தால்கூட அவர் வந்து சொல்வார்.

சோதனைப் பதிப்பு காலாவதி ஆகுமா?

லிப்ரே ஆபீஸில் ஆகாது. அதுவும் ஒருவகையில் பிரச்சினைதான், மறந்துபோய் அதிலேயே இருந்துவிடுவீர்கள். பீட்டாவில் பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அந்தப் பீட்டாவுக்கென்று யாரும் திருத்தம் தர மாட்டார்கள். அடுத்த பதிப்பில்தான் வரும். காலாவதியாகும் வகையும் உண்டு: மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் 2010-இன் பீட்டா 2010 அக்டோபர் 31-உடன் முடிந்தது.

ஆர்சியிலிருந்து பழைய பதிப்புக்குத் திரும்புவது எப்படி?

பழையதை மேலே நிறுவ முயன்றால் விண்டோஸ் "புதிய பதிப்பு ஏற்கெனவே இருக்கிறது" என்று மறுக்கும். ஆர்சியை முதலில் நீக்குங்கள். இப்போதைய 4 ஃபோல்டரின் பெயரை மாற்றிவிட்டு, நகலெடுத்து வைத்ததை அந்த இடத்தில் போடுங்கள். பிறகு பழைய பதிப்பை நிறுவுங்கள். நகல் எடுக்காமல் விட்டிருந்தால் 4 ஃபோல்டரின் பெயரை மாற்றுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். திறக்கும்போது புதிதாக ஒன்று உருவாகும். அகராதி, டெம்ப்ளேட் போன்றவற்றைப் பழைய ஃபோல்டரிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளலாம்.

இறுதிப் பதிப்பு வந்துவிட்டது. இப்போது என்ன?

நீங்கள் கடைசி ஆர்சியில் இருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். எபௌட் பெட்டியில் உள்ள நான்கு எண்களும் வெளியீட்டு எண்ணோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள், பொருந்தினால் உங்களிடம் இருப்பது அதுவே.

பீட்டாவில் இருந்தால், இறுதிப் பதிப்பை நிறுவியதும் அது தானாகப் போய்விடும் என்று எண்ண வேண்டாம். தனியாக வந்தது, தனியாகத்தான் நீக்க வேண்டும். நீக்கிய பிறகும் அதன் ப்ரொஃபைல் ஃபோல்டர் ஆப்டேட்டாவில் டெவ் என்ற பெயரோடு கிடக்கும். அதில் நீங்கள் சேர்த்த சொல்லோ மேக்ரோவோ இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு அழியுங்கள்.